சட்டையில் இருந்த எழுத்து

கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தொழிலாளர்கள்.

"ஊட்டு டிவிக்கு எச்டி கனெக்சன் போட்டதே தப்பாப் பூட்ச்சுபா" என்றார் நரைத்த மீசைக்காரர்.

"இன்னாண்ணா, படம் தெளிவா இல்லியா?" என்றான் இளையவன்.

"தெளிவா தெரிஞ்சுதான் பேஜாரு. எங்க கம்பெனி ஆயுத பூஜைய நியூஸ்ல காட்னான். பின்னால நானு நிக்கிறேன். சட்டைப் பாக்கெட்ல 'ஹவுஸ்கீப்பிங்'னு இருக்கறத அப்படியே படிக்கலாம்."

"நீ கூட்டிப் பெருக்கற வேல பாக்கறது ஊட்ல தெரியாதா?"

"மிஷின் ஆபரேட்டர்னு சொல்லிக்கினு இருக்கேன். சட்டைய கம்பெனிலயே மாத்திக்கினு வருவேன்."

"அண்ணி பாத்துட்டாங்களா?"

"அடுப்பாண்டயிருந்து ஓடியாந்தா. அதுக்குள்ள பொண்ணு ரிமோட்ட எடுத்து, அதே சேனல எச்டி இல்லாம வச்சிடுச்சு. மங்கலாத் தெரிஞ்சதுலயே உங்க அண்ணிக்கு அவ்ளோ சந்தோசம். பொண்ணு மட்டும் என் மூஞ்சியப் பாக்கவே இல்லபா."