தோப்புக் கிணற்றில் எடுத்த காட்சி

இராஜபாளையம் போலீஸ் ஸ்டேஷன், 1941 மார்ச்சு 12

என் பெயர் ஏசம்மாள், வயது முப்பத்திரண்டு, காலஞ்சென்ற சூசை மனைவி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருக்கிறேன். இராஜபாளையத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருக்கும் சினிமாக் கம்பெனியில், நடிகை செல்லக்கனி அம்மாளுக்குத் தலைவாரி, சேலை உடுத்திவிடும் வேலை பார்த்து வந்தேன். இறந்துபோன இருதயமேரி என் உடன்பிறந்த தங்கை. எனக்கு ஒத்தாசையாக வந்தவள்.

நேற்றுக் காலை தளவாய்புரம் ரோட்டிலுள்ள தோப்பில், கதாநாயகி கிணற்றில் விழுந்து சாகிற காட்சியை எடுப்பதாக இருந்தது. டைரக்டர் சீனிச்சாமி, அம்மாளைக் குதிக்கச் சொன்னார். அம்மாள் குதிக்க முடியாது என்றும், கிணற்றடியில் நின்று ஒரு பாட்டுப் பாடுவதாகவும் சொன்னார். சாகப்போகிறவளுக்குப் பாட்டு எதற்கு என்று டைரக்டர் மறுத்தார். வெகுநேரம் வாக்குவாதம் நடந்தது. அதன்பின் டைரக்டர், அம்மாளின் உயரமே இருந்த என் தங்கையைக் கூப்பிட்டு, நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். கண்மாயில் நன்றாக நீந்துவாள்.

அதன்பின் சேலையைப் பற்றித் தகராறு வந்தது. ஏழைப் பெண்ணுக்கு நூல் சேலை போதும் என்றார் டைரக்டர். தன் பேரில் சாகிறவள் சரிகைப் பட்டில்தான் சாகவேண்டும், இல்லாவிட்டால் ரயிலேறிவிடுவேன் என்றார் அம்மாள். டைரக்டர் இணங்கினார். பட்டை நான்தான் கட்டிவிட்டேன்.

"ஏட்டி, இம்புட்டுக் கனத்தோட நீந்திருவியா?" என்று கேட்டேன்.

"செத்த நேரந்தானக்கா. படியப் பிடிச்சு ஏறிருவேன்" என்றாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். "அந்த அம்மாகிட்டச் சொல்லு" என்றார். அம்மாளிடம் சொன்னேன். "டைரக்டரைக் கேளு" என்றார்.

அதன்பின் தங்கை குதித்தாள். ஒரு தடவை கை மேலே வந்தது. நான் கூப்பாடு போட்டேன். அவள் நடிக்கிறாள் என்று எண்ணி அவர்கள் காமிராவை நிறுத்தவில்லை. அதன்பின் தோப்புக் காவல்காரர் ராக்கப்பன் இறங்கித் தேடித் தூக்கிவந்தார். பட்டு இரண்டு கால்களையும் சுற்றியிருந்தது. உயிர் இல்லை.

இன்று காலை பங்களாவில் டைரக்டரும் அம்மாளும் சேர்ந்து உட்கார்ந்து, அந்தக் காட்சி படத்தில் இருக்கட்டும் என்று பேசி முடித்தார்கள். அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

யார்மேல் பிராது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காட்சியை மட்டும் ஊர் ஊராகக் காட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அது தம் கையில் இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஏசம்மாள், இடது பெருவிரல் ரேகை)