எனக்கும் கேக்குது

அந்தத் தீவில் கொசுத் தொல்லை இல்லை, ஐயா. எனக்கு முதலில் பிடித்தது அதுதான். பொன்னேரியில் எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு மேல் ஜன்னலைத் திறக்க முடியாது. தீவில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுக் கிடந்தோம். ஏரிக்காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது உங்கள் அறிக்கையில் ஒரு வரியைத் திருத்த. 'குளிக்கச் சென்ற இடத்தில் கால் தவறி' என்று எழுதியிருக்கிறது. என் மனைவி அமுதவல்லி குளிக்கப் போகவில்லை. கால் தவறவும் இல்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிதானமாக நடந்து போனாள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் ஏரிக்கரையில் தோணிரேவு கிராமத்தில் பிறந்தவன். என் அப்பா, நாங்கள் நைனா என்போம், ஏரியில் இறால் பிடித்தவர். நான் படித்துவிட்டுப் பொன்னேரியில் மருந்துக்கடை வைத்தேன். அமுதா திருப்பாலைவனத்துப் பெண். நெல் விவசாயம் செய்கிற குடும்பம். மீன்பிடிக்கிற வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று இரண்டு வருடம் அவள் வீட்டார் எங்கள் படி ஏறவில்லை. இளவேனில் பிறந்த பிறகுதான் வந்தார்கள். வேனி என்று கூப்பிடுவோம். போன வைகாசியில், ஏழு வயதில், காய்ச்சலில் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு அமுதாவுக்கு வேனியின் குரல் கேட்க ஆரம்பித்தது. கத்தி அழுகிறவளாக இருந்தால் வைத்தியம் பார்த்திருக்கலாம். அமுதா அப்படி இல்லை. சமைத்துக்கொண்டிருப்பாள், திடீரென்று அடுப்பை அணைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்பாள்.

"இன்னாங்க, உங்களுக்குக் கேக்கல?"

"இல்லம்மா."

"சரி," என்று மறுபடியும் அடுப்பைப் பற்றவைப்பாள். எட்டு மாதம் இப்படி. நான் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

எங்காவது அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஏரி ஞாபகம் வந்தது. நடுவில் சின்னதாக ஒரு மணல் திட்டு. சவுக்கு மரங்களுக்குள் ஓடு வேய்ந்த ஒரே ஒரு வீடு கட்டி, சென்னைக்காரர் ஒருவர் வாடகைக்கு விடுகிறார். பார்த்துக்கொள்வது தங்கவேல். என்னோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். காலையில் படகில் வருவான். அவன் மனைவி பவுனம்மாள் சமைத்து வைப்பாள். வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு பேரும் கரைக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு தீவில் நாங்கள் மட்டும்தான். தை மாதம். பூநாரைகள் வந்திருந்தன.

படகிலிருந்து பையை இறக்கும்போதே தங்கவேல் சொன்னான்: "தனசேகரு, உனக்குத் தெரியாதது இல்ல. தெக்கால மட்டும் தண்ணியில எறங்காதீங்க. இடுப்பளவு இருக்கும், அப்படியே திடீர்னு பள்ளம். சேறு காலப் புடிச்சுக்கும். தங்கச்சிகிட்ட சொல்லி வையி."

"சொல்றேன்," என்றேன்.

மறந்துவிட்டேன் என்று இப்போது சொல்லலாம். மறக்கவில்லை. முதல் நாள் தேவைப்படவில்லை. அவள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

அந்த முதல் நாளைப் போல ஒரு நாள் எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில்கூட அமையவில்லை. பவுனம்மாள் மடவை மீன் குழம்பு வைத்திருந்தாள். "இன்னாம்மா, கோழி மாதிரி கொத்துற? நல்லாத் துன்னு," என்று அதட்டினாள். அமுதா சிரித்துவிட்டு இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டுச் சவுக்கு நிழலில் பாயைப் போட்டுத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவளைக் கொல்வதற்காக நான் அங்கே கூட்டிப்போகவில்லை.

இரண்டாவது நாள் காலை பத்து மணி இருக்கும். தங்கவேலின் படகு மீன் வாங்கப் போயிருந்தது, பவுனம்மாளும் கூடப் போயிருந்தாள். என்ஜின் சத்தம் தேய்ந்து அடங்கிய பிறகு அந்தத் தீவில் ஒரு சத்தமும் இல்லை. அலைகூட இல்லை. அமுதா முறுக்குப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"இங்க நல்லாக் கேக்குதுங்க," என்றாள்.

நான் முறுக்குப் பையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"வூட்ல கேக்கும்போது அம்மான்னு மட்டும்தான் கேக்கும். இங்க பேச்சே புரியுது. 'ரோஸ் மருந்து வேணாம் நைனா'ன்னு சொல்றா." என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகமாகப் பார்க்கவில்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் பார்த்தாள். "நம்ம வூட்ல ரோஸ் மருந்து ஏதுங்க?"

"ஏதும் இல்லையே," என்றேன்.

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேனிக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் அமுதா ஊரில் இல்லை. அவள் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மத்தியானம் திருப்பாலைவனம் போயிருந்தாள். நான் கடையிலிருந்து ஒரு மருந்து எடுத்து வந்து குழந்தைக்குக் கொடுத்தேன். ரோஸ் நிறத்தில் இருக்கும். அந்த மருந்து வேனிக்கு ஆகாது என்று இரண்டு வருடம் முன்பே ஒரு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அமுதா அதை வாசித்ததில்லை. நான் வாசித்திருந்தேன். குழந்தை வேண்டாம் வேண்டாம் என்றாள். கன்னத்தைப் பிடித்து ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் சீட்டு ஞாபகம் வந்தது.

உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆஸ்பத்திரி ஐந்து நிமிடம். ஆனால் போனால் என்ன கொடுத்தாய் என்று கேட்பார்கள். மருந்துக்கடைக்காரன் சொந்தக் குழந்தைக்கு ஆகாத மருந்தைக் கொடுத்தான் என்று ஊர் பேசும். சில பிள்ளைகளுக்கு வெறும் தடிப்போடு அடங்கிவிடும். அதனால் பொறுத்துப் பார்த்தேன். முக்கால் மணி நேரம். பிறகு தூக்கிக்கொண்டு ஓடினேன். கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல் என்று எழுதினார்கள். மருந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சீட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டேன், பாட்டிலை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் வீசினேன்.

வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஐயா. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அந்த ரோஸ் மருந்து அமுதாவுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். அவள் பாட்டிலைப் பார்த்திருக்க முடியாது. குழந்தை அவளிடம் பேசவே இல்லை, அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தற்செயல் என்று முடிவு செய்தேன். நான் படித்தவன், ஆவி பேய் என்று நம்புகிறவன் இல்லை.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது அவள் சொன்னாள்: "நாளைக்கு முழுசாச் சொல்றேன்னுச்சுங்க பாப்பா. அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு."

"சரிம்மா," என்றேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவ்வளவு நாள் சுமந்து சுமந்து அவள் முகம் சின்னதாகிப் போயிருந்தது. இவளுக்கு ஒரு விடுதலை வேண்டும் என்று அப்போது தோன்றியது. அது பொய்யில்லை. இரக்கமும் இருந்தது, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நாள் காலை தங்கவேலுக்குப் போன் செய்தேன். "இன்னிக்கு மீன் வேணாம். பவுனம்மா அக்காவும் வரவேணாம். நீ ஒரு மணிக்கு மேல வா, கெளம்பிடுறோம்," என்றேன். "இன்னாப்பா அதுக்குள்ள?" என்றான். கடையில் வேலை இருக்கிறது என்றேன்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அமுதா வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள். தலையைச் சாய்த்தாள். அவள் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"அமுதா, எனக்கும் கேக்குது."

அவள் முகத்தை நான் சொல்லத்தான் வேண்டும். பயமோ ஆச்சரியமோ இல்லை. ரொம்ப நாள் காணாமல் போன ஒருத்தரை ரயிலடியில் பார்த்த மாதிரி இருந்தது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேனி போன பிறகு அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"மெய்யாலுமாங்க? எட்டு மாசமா எனக்குத்தான் பைத்தியம்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள். அழுதாள். "எந்தப் பக்கமா கேக்குது? எனக்குச் சுத்தியும் கேக்குது, திக்குத் தெரியல."

நான் தெற்குப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அங்கயா? தண்ணியிலயா?"

"ஆமா. தண்ணி கம்மிதான் அங்க. நடந்தே போலாம்."

"நீங்களும் வாங்க."

"நீ முன்னால போ. அம்மாவத்தான் கூப்பிடுறா," என்றேன்.

போனாள். நான் கரையிலேயே நின்றேன். முழங்கால் அளவு வரை சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பிறகு அதை விட்டுவிட்டாள், அது அவளைச் சுற்றி மிதந்தது. பூநாரைகள் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டன. சின்ன வயதில் நைனாவோடு வலை போட்ட இடம் அது. பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அதற்கு இன்னும் நாலைந்து அடி இருக்கும்போது அவள் நின்றாள். இடுப்புக்கு மேல் தண்ணீர். திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னும் மூன்று எட்டு வைத்தாள், தலை மறைந்தது. இரண்டு தடவை கை தெரிந்தது. இன்னாங்க என்று ஒரு தடவை கூப்பிட்டாள். எனக்கு நீந்தத் தெரியும். நூற்றைம்பது அடி தூரம்தான், ஒரு நிமிடத்தில் போயிருப்பேன். தண்ணீர் பழையபடி அசையாமல் ஆகும்வரை நின்றேன். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகவில்லை. தங்கவேலின் படகுச் சத்தம் தூரத்தில் கேட்டபோதுதான் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி உடம்பை நனைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தேன். மனைவியைக் காப்பாற்றப் போராடினார் என்று நீங்கள் எழுதியிருப்பது அதை வைத்துத்தான்.

ஆக, மகளையும் மனைவியையும் கொன்றவன் நான். கையால் யாரையும் தள்ளவில்லை, அடிக்கவில்லை. இரண்டு தடவையும் சும்மா நின்றேன்.

அவள் திரும்பிப் பார்த்ததைச் சொன்னேன் இல்லையா? அப்போது அவள் ஒன்று கேட்டாள். "இன்னாங்க, தண்ணி சலசலக்குது, எனக்குச் சரியாக் கேக்கல. பாப்பா இன்னா சொல்றா?" என்று கேட்டாள்.

அதுவரை நான் அவளிடம் சொன்னது பொய், ஐயா. எனக்கு எந்தக் குரலும் கேட்டதில்லை. எட்டு மாதமும் கேட்டதில்லை, அன்றைக்குக் காலையிலும் கேட்கவில்லை. ஆனால் அவள் அப்படிக் கேட்ட நிமிடத்தில் எனக்குக் கேட்டது. என் முதுகுக்குப் பின்னால், இந்த மேஜை தூரத்தில். காய்ச்சலில் கரகரத்த அதே தொண்டை.

"நைனா, அம்மாவ வர வேணான்னு சொல்லு," என்றது.

அமுதா காதில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சீக்கிரம் வாம்மான்னு சொல்றா," என்றேன்.