ஹேண்ட்பிரேக்கைப் பிடித்திருந்த கை

இரவு ஒன்பது ஐம்பது. ஊரடங்குக்குப் பத்தே நிமிடம். ஹில்லா போகும் பழைய சாலை... இரண்டு பக்கமும் பேரீச்சந்தோப்பு. ஒரு நாய்கூட இல்லை. வெளிநாட்டுப் படை இருந்த அந்தக் காலத்தில் நாய்களுக்கே ஊரடங்கு நேரம் மனப்பாடம்!

சிரிக்காதீர்கள். ஜெனரேட்டர் நின்றாயிற்று. மொட்டைமாடிச் சூடும் இறங்கவில்லை, தூக்கம் வரப்போவதில்லை. கிட்ட வந்து உட்காருங்கள். இது நம் ஹிக்மத்தின் மைத்துனன் ஷாகிருக்கு நடந்தது. பழுதான கார்களைக் கட்டி இழுக்கும் ரெக்கவரி வண்டி ஓட்டினான். அந்த வண்டி போட்ட சத்தத்தில் யூப்ரடீஸ் மீன்கள் கரையேறி ஓடும்.

"மீன் ஓடுமா, அபூ சினான்?" என்றான் ஹிக்மத்.

"நான் பார்த்தேன்டா. ஒண்ணு செருப்புகூடப் போட்டிருந்துச்சு."

சரி... அன்று பெருநாளுக்கு முந்தின இரவு. சோதனைச் சாவடிக்கு வரச்சொல்லி ஷாகிருக்கு ஆள் வந்தது. போனான். ஒரு வெள்ளை கார். கண்ணாடி முழுக்கத் துப்பாக்கிக் குண்டு ஓட்டை. ஓட்டுநர் இருக்கையில் நம்மூர் நுஹா டீச்சர், உயிரில்லாமல். பின்சீட்டில் தட்டுத் தட்டாகப் பேரீச்சம்பழ பிஸ்கட்... பேக்கரி அடுப்பில் சுட்டு எடுத்துக்கொண்டு, ஊரடங்குக்கு முன் வீடு சேர வந்தவள். வண்டிக்குள் ஏலக்காய் வாசம். சுட்ட மாவு வாசம். அதற்கடியில் வேறொரு வாசம்.

கார் நின்ற இடம்தான் முக்கியம். 'தாண்டினால் சுடுவோம்' என்று ஒரு சிவப்புப் பலகை இருக்குமே, அதற்கு நாற்பது அடி முன்னாலேயே நின்றிருந்தது.

"போன தடவை இருபது அடின்னே!"

"அடி கூடும், குறையும் ஹிக்மத். இனிமே சொல்றதுல ஒண்ணும் கூடாது."

சிப்பாய் கையைக் காட்டினான். பலகைக்கு அந்தப் பக்கம் இழு. துப்பாக்கி வைத்திருப்பவனிடம் ஏன் என்று கேட்க முடியுமா? கொக்கி மாட்டி இழுத்தான். நகரவில்லை. பின்சக்கரம் தேய்ந்து 'கிரீச்'... இறங்கிப் போய்ப் பார்த்தான். ஹேண்ட்பிரேக் மேலே தூக்கியிருந்தது. அதன்மேல் நுஹாவின் கை, இறுகப் பிடித்தபடி.

பிரித்தான். ஒவ்வொரு விரலாக. சுண்டுவிரல், மோதிர விரல்... கட்டைவிரல்தான் விடவேயில்லை. கையை அவள் மடியில் வைத்துவிட்டு, பிரேக்கை இறக்கிவிட்டு, காரைப் பலகை தாண்டி இழுத்துப் போட்டான். பிறகுதான் ஒருவன் கேமராவோடு வந்தான்.

படையிடமிருந்து காகிதம் வந்தது. 'வண்டி நிற்கவில்லை. எல்லையைத் தாண்டியது.'

நுஹாவின் கணவன் கானிம், ஷாகிரின் வாசலில் வந்து நின்றான்.

"ஷாகிரு, எனக்குக் காசு வேணாம். 'உங்கம்மா ஏன்டி நிக்கல'ன்னு பள்ளிக்கூடத்துல எம்பொண்ணைக் கேக்குறாங்க. அவ நிறுத்தினான்னு ஒரு வரி வேணும். நீதானே இழுத்தே? நீ சொல்லு."

"நான் போறப்ப வண்டி அந்தப் பக்கம்தான் கிடந்துச்சு, அண்ணே."

பயம். யாருக்குத்தான் இல்லை?

அன்றிரவு, அதே ஒன்பது ஐம்பது. பலகைக்கு முன்னால் வரும்போது ஷாகிரின் வண்டிக்குள்... ஏலக்காய் வாசம். 'கர்க்... கர்க்... கர்க்.' பக்கத்தில் ஹேண்ட்பிரேக் தானாக மேலே ஏறியது. வண்டி உறைந்து நின்றது. இறக்கக் கையை வைத்தான். இறங்கவில்லை. நுஹாவின் கார் நின்ற அதே இடம். அடி பிசகவில்லை.

ஏழு இரவுகள். எட்டாம் நாள் காலை, நேரே முகாமுக்குப் போய் அதிகாரி முன்னால் நின்றான். மொழிபெயர்ப்பாளனிடம் எல்லாவற்றையும் கொட்டினான். "கார் நின்னுதான் இருந்துச்சு. நான்தான் பிரேக்கை இறக்கி இழுத்தேன். எழுதிக்கோங்க."

அதிகாரி கோப்பைத் திறந்து ஒரு புகைப்படத்தைத் தள்ளினான். பலகைக்கு அந்தப் பக்கம் கார். இதற்கென்ன சொல்கிறாய்?

ஷாகிர் குனிந்து பார்த்தான்.

"இல்லை... நான் மடியில வச்சேன். மடியிலதான் வச்சேன்!"

படத்தில் பிரேக் மேலே இருந்தது. அதன்மேல் அவள் கை.

அதிகாரியும் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அடுத்த படத்தைப் புரட்டினான். அதிலும் அப்படியே. மெல்லக் கோப்பை மூடினான். "விசாரணை முடிஞ்சுபோச்சாம்," என்றான் மொழிபெயர்ப்பாளன், தரையைப் பார்த்தபடி.

அந்த மாதமே படை தன் நாடு திரும்பியது. கோப்பும் கூடவே போயிற்று. ஷாகிர் நேரே கானிம் வீட்டுக்குப் போய், அந்தப் பெண் குழந்தையை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னான். வண்டியையும் விற்றுவிட்டான்.

யாருக்கா? கீழே வாசலில் நிற்கிறதே, எட்டிப் பாருங்கள். எனக்குத்தான்.

பலகை போய்விட்டது. சாவடியும் போய்விட்டது. ஆனால் அந்த இடம் வந்ததும் இன்னமும் 'கர்க்... கர்க்...' நான் பிரேக்கைத் தொடுவதில்லை. என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

விடுவாள். ஒவ்வொரு விரலாக. கட்டைவிரல்தான்... ரொம்ப நேரம் எடுக்கும்.