நூற்று இருபத்தெட்டில் எட்டு குறைந்த விவகாரம்

செங்கல்பட்டு வட்டம், புதுப்பட்டினம், பள்ளிக்கூடத் தெரு, கதவு எண் 14-இல் வசிக்கும் நடேசன் மகன் சதாசிவம், வயது 51, இன்று 12.09.2003 வெள்ளிக்கிழமை மாலை 6.15 மணிக்குக் காவல் நிலையத்தில் இருந்தபடி கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் மனைவி சகுந்தலா, மகள் வைஷாலி ஆகியோருடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் பண்டகசாலையில் இருப்பு சரிபார்ப்பவராக இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் அலமாரியில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. அவை ஒன்றாக இருந்தால் மறுபடியும் எண்ணுவேன்.

என் மகள் இந்த ஆண்டு செங்கல்பட்டில் கல்லூரியில் சேர்ந்து கணினி அறிவியல் படித்து வருகிறாள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால்தான் பாடம் ஏறும் என்று அவள் சொன்னதன் பேரில் விசாரித்தேன். புதியது என் சம்பளத்துக்கு எட்டவில்லை. பெரிய கம்பெனிகள் கழித்துப் போட்டதைப் பழுது பார்த்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சென்ற ஆகஸ்ட் மாதக் கடைசியில் செங்கல்பட்டில் அத்தகைய கடை நடத்தும் ஏசுபாதம் என்பவரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு பெட்டியைக் காட்டி, "பேங்க்ல ஏசி ரூம்ல இருந்தது சார், வெயிலே பட்டதில்ல" என்றார். எந்த பேங்க், எந்தக் கிளை, ஏன் கழித்தார்கள், கழித்த உத்தரவின் நகல் உண்டா என்று கேட்டேன். அதற்கு அவர், "பொட்டிதான சார் வாங்கறீங்க, சம்பந்தமா பேசறீங்க, ஜாதகம் கேக்கறீங்களே" என்றார். எனக்கு அவர் மீது சந்தேகம் ஏற்பட்டது. இருப்பினும் மற்ற இரண்டு கடைக்காரர்கள் மீது ஏற்பட்டதைவிட அது குறைவாக இருந்தபடியால் அவரிடமே வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெட்டியின் மூடி சேரும் இடங்களில் நான்கு காகிதத் துண்டுகளை ஒட்டி, பாதி மூடியிலும் பாதி உடம்பிலும் விழும்படி தேதியுடன் கையெழுத்திட்டேன். எங்கள் பண்டகசாலையில் அப்படித்தான் செய்வோம். எட்டு, பத்து நாட்கள் கழித்து, ஒரு பாடத்தைத் திறக்கும்படி கட்டளை கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனால் தலை துவட்டி வரும்போதுதான் திறக்கிறது என்று என் மகள் சொன்னாள். கல்லூரியில் கேட்டதில் மெமரி போதாது, உள்ளே இருப்பது 64 எம்.பி., இன்னும் ஒரு 64 சேர்த்தால் 128 ஆகும், பிறகு குளிக்கப் போக நேரம் இருக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். ஏசுபாதத்திடம் கேட்டேன். புதிய மெமரி அட்டையின் விலையில் பாதிக்கும் குறைவாக, ஏற்கெனவே பயன்படுத்திய அட்டை தருவதாகவும், வெள்ளிக்கிழமை காலை தன் கடை மெக்கானிக் வந்து பொருத்துவார் என்றும் சொன்னார். நான் சம்மதித்து, அந்த வேலையைக் கூட இருந்து பார்ப்பதற்காக இன்று முழு நாளும் தற்செயல் விடுப்பு எடுத்தேன்.

இன்று காலை 9.50 மணிக்கு மேற்படி மெக்கானிக் வந்தார். பெயர் சின்னராசு, வயது 24, வேடந்தாங்கல் பக்கம் என்று சொன்னார். உள்ளே வருபவரின் பையை வரும்போதும் போகும்போதும் சோதிப்பது பண்டகசாலை வழக்கம் என்பதால் பையைத் திறக்கச் சொன்னேன். "இன்னா சார், ஏர்போர்ட் மாதிரி கீது" என்று சிரித்துக்கொண்டே திறந்தார். அதில் திருப்புளி இரண்டு, பொருத்த வேண்டிய மெமரி அட்டை ஒன்று, செய்தித்தாளில் சுற்றிய இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று, பாலிடெக்னிக் சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் உறை ஒன்று, ஊரப்பாக்கத்தில் உள்ள ஒரு கம்பெனியிலிருந்து வந்த கடிதம் ஒன்று ஆகியவை இருந்தன. கடிதத்தைப் படித்தேன். சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்கு இன்று மாலை 3 மணிக்கு நேர்முகத் தேர்வுக்கு வரவும் என்று இருந்தது. "பன்னெண்டு மணி பஸ்ஸ புடிச்சா செங்கல்பட்டுல டிரெயின் கரெக்டா இருக்கும் சார். அரை மணி வேலதான் இது" என்றார். மேற்கண்டவற்றைப் பட்டியல் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அதன் பிறகு முத்திரைத் துண்டுகள் நான்கும் கிழியாமல் இருப்பதை இருவரும் பார்த்தோம். அவர் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த பழைய அட்டையில் கறுப்புச் சில்லுகள் எட்டு, வந்த அட்டையில் எட்டு, ஆக பதினாறு இருப்பதை நான் விரல் வைத்து எண்ணினேன். எட்டு சில்லு சேர்ந்து 64 என்றால் சில்லு ஒன்றுக்கு 8 எம்.பி. ஆகிறது என்று கணக்கிட்டுக் குறித்துக்கொண்டேன். 10.40 மணிக்கு வாசலில் காஸ் சிலிண்டர் வந்ததால் போய் வாங்கி வைத்துவிட்டு வந்தேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது அவர் அட்டையைப் பொருத்தி முடித்து, மூடியைப் போட்டு, திருகிக்கொண்டிருந்தார். எனக்காகக் காத்திருக்கவில்லை.

அதன் பிறகு கம்ப்யூட்டரை இயக்கி, மெமரி எவ்வளவு என்று காட்டும் இடத்தை என் மகள் சொல்லிக் கொடுத்தபடி திறந்து பார்த்தேன். அதில் 128-க்குப் பதிலாக 120 என்று இருந்தது. குறைவு 8. சரியாக ஒரு சில்லின் அளவு. சின்னராசுவிடம் கேட்டேன். அவர், "இதுல டிஸ்பிளேக்குத் தனி கார்டு இல்ல சார். அதனால படம் காட்ட மெமரிலேருந்து எட்டு ஒதுக்கி வெச்சிருக்கும். முன்னயும் அறுபத்திநாலு காட்டியிருக்காது, அம்பத்தாறுதான் காட்டியிருக்கும்" என்றார். முன்பு எவ்வளவு காட்டியது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும் இடம் அப்போது எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை என்பது தெரிந்துதான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். யாருடைய உத்தரவின் பேரில் ஒதுக்கப்பட்டது என்று கேட்டேன். "உள்ள செட்டிங்ல கீது சார், ஒரு நிமிஷம், காட்டட்டா" என்று விசைப்பலகையை நோக்கிக் கை நீட்டினார். தடயத்தை அழித்துவிடக்கூடும் என்பதால் தொட விடவில்லை.

மூடியைத் திறந்து எண்ணினால் பதினாறும் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பண்டகசாலையில் பெயின்ட் டப்பா முத்திரையோடு இருக்கும், தட்டினால் காலியாக ஒலிக்கும். அதைப்போல நான் சிலிண்டர் வாங்கப் போன மூன்று நிமிடத்தில் ஒரு நல்ல சில்லை எடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பொருத்தியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். சட்டைப் பையையும் செருப்பையும் சோதித்தேன். எதுவும் இல்லை. கிடைக்காததால் சந்தேகம் வலுத்தது. அவர், "சார், பஸ்ஸுக்கு டைம் ஆவுது சார்" என்று மூன்று முறை சொன்னார். போகத் துடிக்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு 11.20 மணிக்கு அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தி, பூட்டு போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் ஜன்னல் கம்பி வழியாக, "சார், மிஷினையே பிரிச்சுக் காட்டறேன் சார், இண்டர்வியூ போயிட்டு வந்து காட்டறேன்" என்றார். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, "ஏங்க, அந்தப் புள்ளைக்கு வேல கிடைக்கிற நாளுங்க. எட்டு போனா போவுது, நூத்தி இருவது இருக்குல்ல" என்றாள். வீட்டுச் செலவிலும் அவள் இப்படித்தான் பேசுவாள் என்பதால் அதைக் குறித்துக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன்.

நிலையத்துக்கு வந்தபோது 11.45 மணி. உதவி ஆய்வாளர் மாமல்லபுரத்துக்கு பந்தோபஸ்துக்குப் போயிருப்பதாகத் தலைமைக் காவலர் கலையரசன் சொன்னார். திருட்டுப் புகார் என்றேன். களவு போன பொருளின் நிறம், அளவு, அடையாளம் கேட்டார். கண்ணுக்குத் தெரியாது என்றேன். "கண்ணுக்குத் தெரியாதது காணாமப் போனத நீங்க எப்படி சார் பாத்தீங்க?" என்று கேட்டார். திரையில் காட்டியது என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அய்யா வரட்டும், குந்துங்க" என்றார். வீட்டில் ஒருவரைப் பூட்டி வைத்திருப்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். 12 மணிப் பேருந்து 12.04-க்கு நிலையத்தைக் கடந்து சென்றது. அதையும் குறித்துக்கொண்டேன். என் வீடு சைக்கிளில் பதினைந்து நிமிட தூரம்தான். போகவில்லை. போனால் எனக்குப் பின்னால் வந்தவர் முந்திக்கொள்வார் என்று இருந்தேன்.

உதவி ஆய்வாளர் மாலை 3.40 மணிக்கு வந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த ஆளு இப்ப எங்க கீறான்?" என்றார். என் வீட்டு அறையில் பத்திரமாக இருக்கிறார், சாவி என்னிடம் இருக்கிறது என்றேன். கழற்றி மேசையில் வைத்த தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

அறையைத் திறந்தபோது சின்னராசு நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டைக்கு மாறியிருந்தார். எப்போது மாற்றினார் என்று கேட்டதற்கு, ஒன்றரை மணி இருக்கும், சார் வந்துவிடுவார் என்று மாற்றினேன் என்றார். ஜன்னல் வழியாக என் மனைவி கொடுத்த தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் சொன்னதன் பேரில் சின்னராசு கம்ப்யூட்டரை மறுபடி இயக்கி, ஆரம்பத்திலேயே ஒரு விசையை அழுத்தி, நீலத் திரை ஒன்றைக் கொண்டுவந்து, படம் காட்ட ஒதுக்கிய இடத்தில் 8 என்று இருந்ததை 4 ஆக மாற்றினார். மொத்தம் 124 ஆயிற்று. களவு போனதில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு 16 ஆக மாற்றினார். 112 ஆயிற்று. மறுபடி 8 வைத்தார். 120 ஆயிற்று. பொருள் பெட்டியை விட்டு எங்கும் போகவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நிமிடம் ஆயிற்று. காலையில் அவர் கேட்டதும் ஒரு நிமிடம்தான்.

அதன் பிறகு நிலையத்துக்கு வந்தோம். என் மீது புகார் கொடுக்கிறாயா என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, கேஸ் வேண்டாம், ஏன் போகவில்லை என்று காட்ட ஒரு பேப்பர் மட்டும் வேண்டும் என்று சின்னராசு கேட்டார். உதவி ஆய்வாளர் ஊரப்பாக்கம் கம்பெனிக்கு ஃபோன் செய்தார். இன்று எடுப்பதாக இருந்த இரண்டு பேரில் ஒருவரை எடுத்துவிட்டார்களாம். திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் காவல் நிலைய முத்திரையுடன் காரணம் எழுதிக் கொண்டுவந்தால் பார்க்கலாம், அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க முடியாது என்றார்களாம். உதவி ஆய்வாளர் என்னிடம், "நீங்க கவர்மென்ட் ஆளு. பூட்டி வெச்சேன்னு எழுதிக் குடுத்தா அது உங்க ஆபீசுக்குப் போவும், வேலைக்கே உல வெச்சிடும். கதவு ஜாம் ஆயிடுச்சுன்னு எழுதிக்கலாம், ரெண்டு பேருக்கும் பேஜாரு இல்ல" என்றார். நான் சம்மதித்தேன். முதலில் அவ்வாறே எழுதப்பட்டது.

சின்னராசு அதை வாங்கி முழுவதும் படித்துவிட்டு உதவி ஆய்வாளரிடம், "கதவு ஜாம் ஆச்சு, நாலு மணி நேரம் உள்ளயே இருந்தேன்னா, கையில ரெண்டு ஸ்க்ரூடிரைவர் வெச்சிக்கினு ஒரு கதவக் கழட்டத் தெரியலியான்னு கேப்பாங்க சார். நான் போறது மெக்கானிக் வேலைக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த எட்டு எங்க போச்சுன்னு காலைலயே நான் சொன்னேன்னு எழுதுங்க சார். நீங்க நம்பலன்னு எழுதுங்க. அதான் எனக்கு சர்டிபிகேட்டு" என்றார்.

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். எனக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. அதன் பிறகு, முன்பு எழுதியதைக் கிழித்துவிட்டு இதை எழுதும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

சின்னராசு என் வீட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. 8 எம்.பி. எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. கதவு கெட்டுப்போகவில்லை, நல்ல கதவு. நான்தான் பூட்டினேன். 12 மணிப் பேருந்தை விட்டால் அவர் 3 மணிக்கு ஊரப்பாக்கம் போய்ச் சேர முடியாது என்பது பூட்டும்போதே எனக்குத் தெரியும்.

யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொல்ல எழுதப்பட்ட இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னவை எல்லாம் இதில் உண்டு, சொல்லாதது எதுவும் இதில் இல்லை, அத்தனையும் உண்மை. இதன் ஒரு பிரதி நிலைய முத்திரையுடன் சின்னராசுவிடம் கொடுக்கப்பட்டது. மொத்தப் பக்கங்கள் நான்கு. அவர் எண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொண்டார்.

(ஒப்பம்) ந. சதாசிவம்
12.09.2003, இரவு 7.50 மணி