தாயம்மா மெஸ்ஸின் பழைய சோறு

எனக்குச் சாம்பாரில் பெருங்காயம் தூக்கலாக இருந்தால் பிடிக்காது. அதை நான் எழுதினால் ஆயிரம் பேருக்குப் பிடிக்காமல் போகும் என்பது ஆரம்பத்தில் எனக்கே தெரியாது.

அரசு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாமல் ‘நாலு வாய்’ என்று ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். சாப்பிட்ட இடம், சாப்பிட்ட பண்டம், நல்லது கெட்டது, அவ்வளவுதான். மயிலாப்பூரில் ஒரு கடையில் சட்னி புளித்திருந்ததாக எழுதினேன்; மறுவாரமே அரைக்கிற ஆளை மாற்றினார்கள். தி.நகர் இனிப்புக்கடை முதலாளி ஒருவர் அரைக் கிலோ அல்வாவோடு வீடு தேடி வந்து, எழுதியதைக் கொஞ்சம் திருத்தச் சொன்னார். அல்வாவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு வாய்க் காபிகூட நான் ஓசியில் குடித்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தாயம்மா மெஸ் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. தகரக் கூரை, நான்கு பெஞ்சு. ஆற்றோரம் குடிசையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள் அல்லவா, தாயம்மாவும் மகள் மணிமொழியும் அங்கிருந்துதான் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து அடுப்பு மூட்டுவார்கள். வெளியூரிலிருந்து நோயாளிகளோடு வந்து தங்கியிருப்பவர்களுக்கு அதுதான் சாப்பாடு. வாய் புண்ணாகி எதையும் விழுங்க முடியாதவர்களுக்கென்று தாயம்மா தனியாக ஒரு கஞ்சி காய்ச்சுவார். உப்பு காரம் கிடையாது, வேட்டித் துணியில் வடிகட்டி, அவர்கள் கொண்டுவரும் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பார். தூக்கோடு யார் வந்தாலும் வரிசை அவர்களுக்கு வழிவிட வேண்டும். அந்த மெஸ்ஸில் அது எழுதாத சட்டம்.

போன வருஷம் ஜூலையில் நான் அந்த வரிசையில் நின்றேன். என் முறை வரும்போதெல்லாம் ஒரு தூக்கு வந்தது. மூன்றாவது தூக்குக்கு நான் வாயைத் திறந்தேன். நான் வலைப்பதிவு எழுதுகிறவன், உங்கள் மெஸ்ஸைப் பற்றி எழுதத்தான் வந்திருக்கிறேன் என்று மரியாதையாகவே சொன்னேன்.

தாயம்மா கரண்டியை நிறுத்தாமல், “எழுதிக்கினே நில்லு சார். தூக்கு வச்சிகிறவங்க போயிடட்டும்” என்றார்.

வரிசையே சிரித்தது. கவலையோடு இருக்கிறவர்கள், ஏதோ கொஞ்சம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது. ரசம் பிரமாதம் என்றே சொல்ல வேண்டும். சாப்பிட்டுக் கைகழுவப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஓர் அலுமினியக் குண்டானில் முந்தின நாள் சோறு தண்ணீரில் கிடந்தது. போனை எடுத்தேன்.

மாலையில் பதிவு போட்டேன். தலைப்பு: ‘நேற்றைய சோறு, இன்றைய இலையில்?’ கேள்விக்குறி போட்டிருந்தேன் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். பரிமாறினார்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. பின்கட்டில் இதைப் பார்த்தேன், நோயாளிகளுக்குச் சாப்பாடு போகும் இடம், முடிவு உங்களுடையது என்று மட்டும் எழுதிப் படத்தைப் போட்டேன்.

முடிவு அவர்களுடையதுதான். என் வாசகர்கள் அதை வாட்ஸப் குழுக்களில் போட்டார்கள். இரண்டே நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதுதான் பேச்சு. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தாயம்மா அந்தத் தாளை வாசலில் ஒட்டிவைத்தார். வாசலில் ஒட்டிய தாளை யார் படிக்கிறார்கள்?

பத்தாம் நாள் காலை தாயம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார். ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்து வந்தாராம். கையில் அதே குண்டான். கேட்டருகே தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார்.

“இது எங்க சோறு சார். காத்தால வந்ததும் நானும் எம் பொண்ணும் இதத்தான் துன்றோம். நீயே பாரு” என்று சொல்லி, கையால் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தார். என் மனைவி சரோஜாதேவி உள்ளே போய் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்றேன்.

சாப்பிட்டு முடித்துவிட்டு, “ஒரு வரி போடு சார். அது எங்களுதுன்னு ஒரே ஒரு வரி” என்றார்.

“பார்க்கலாம்மா” என்றேன். அலுவலகத்தில் மனுவோடு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல் அது. அன்றிலிருந்து சரோஜா என் பதிவைப் படிப்பதில்லை.

மூன்றாம் வாரம் மெஸ் மூடியது. தாயம்மா இப்போது வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாத்திரம் தேய்க்கிறார் என்று கேள்வி.

வெள்ளைத்துரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், அந்த வரிசையில் எனக்கு முன்னால் போன மூன்றாவது தூக்கு அவருடையது. நான் தாயம்மாவிடம் சொன்னதை அன்றைக்குக் காதில் வாங்கியிருக்கிறார். செப்டம்பரில் பஸ் நிறுத்தத்தில் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம் பொஞ்சாதிக்கு அந்தக் கஞ்சி ஒண்ணுதான் சார் எறங்கும். நீங்க போட்டதப் படிச்சிட்டு நாந்தான் நிப்பாட்டுனேன். வேற எடத்துல வாங்கிக் குடுத்துப் பாத்தேன், ஒரு மடக்கு எறங்கல. போன மாசம் போய்ச் சேந்துட்டா. ஆனாலும் நீங்க சொல்லாட்டி கெட்ட சோத்துக் கஞ்சியில்ல குடுத்துருப்பேன்? நீங்க நல்லாருக்கணும்.”

“பரவாயில்லை” என்றேன். அந்த அம்மாளின் நோய் முற்றியிருந்தது, எப்படியும் பிழைத்திருக்க மாட்டார். ஆனால் பசியோடு போயிருக்க வேண்டியதில்லை. அதை நினைத்தால் இப்போதும் தட்டில் கை வைக்க முடிவதில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நான் விவரம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று நீங்கள் இதுவரை நினைத்திருக்கலாம். பழைய சோறு தின்று வளர்ந்தவன்தான் நானும். குண்டானைப் பார்த்ததுமே அது உழைக்கிறவர்கள் வீட்டுக் காலைச் சாப்பாடு என்று தெரியும். தெரியாமல் இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும், ஏனென்றால் நான் எடுத்தது படம் இல்லை, காணொளி. பதினான்கு வினாடி. அதில் தாயம்மாவின் குரல் இருக்கிறது: “இன்னா சார் படம் புடிக்கிற? அது நாங்க துன்றது. கஸ்டமருக்கு அங்க வெந்துகினு கீது பாரு.” அவர் சொன்ன பக்கம் என் போனும் திரும்புகிறது. பெரிய அண்டாவில் புதுச் சோறு கொதிப்பது தெளிவாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து அதை ஓடவிட்டு, நான்காவது வினாடியில் நிறுத்தி, ஒரு படம் மட்டும் வெட்டி எடுத்தேன். வெட்டும்போது எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த வரிசையின் சிரிப்பு.

இவ்வளவுதான் நடந்தது. எதையும் மறைக்கவில்லை. காணொளியையும் கீழே முழுதாக இணைத்திருக்கிறேன். இனி வெளியிடும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான்.

இன்று புதன்கிழமை. புதன்கிழமை போட்டால் நூறு பேர்கூடப் படிப்பதில்லை. தாயம்மாவுக்குச் சேர வேண்டிய நியாயம் நாலு பேருக்குத் தெரியாமல் போகக் கூடாது. அதனால் இதை ஞாயிற்றுக்கிழமைக்கென்று வரைவில் சேமித்து வைக்கிறேன், இதையே இதற்கு முன்பு ஆறு முறை எழுதி வைத்திருக்கிற இடத்திலேயே.