சிப்பாயின் இடது காது

நாய்க்கு விதை எடுப்பதில் நாயால் ஒரு தொந்தரவும் கிடையாது. குளோரோபாரம் காட்டினால் தூங்கிவிடும். தொந்தரவெல்லாம் நாயை வளர்க்கிறவரால்தான். வீட்டு ஆண்கள் தங்களுக்கே நடக்கப்போவதுபோல வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார்கள். முறப்பநாட்டில் ஒருவர் மயங்கியே விழுந்துவிட்டார். நாய் எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

நான் தேவசிகாமணி. பாளையங்கோட்டையில் மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வந்திருக்கும் சின்ன டாக்டர், விதை எடுத்த நாய்க்கும் வெறி பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அது நிஜமா என்று கேட்டு எழுதிக்கொண்டு போக என்னிடம் வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள், சொல்லுகிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

மதராஸில் படித்துவிட்டு நான் ஊர் திரும்பியபோது கொடுத்த உத்தியோகம் மாட்டுக்கும் குதிரைக்கும்தான். நாய் என்னுடைய சொந்த யோசனை. அதற்கு முன்னெல்லாம் வெறிநாய் பயம் வந்தால் ஆள் விட்டுத் தடியால் அடித்துக் கொல்வார்கள். வெறி பிடித்தது, பிடிக்காதது, குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரே குழியில் கிடக்கும். நான் கத்தியையும் கார்பாலிக் தண்ணீரையும் பட்டு நூலையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பாபநாசத்திலிருந்து கொற்கை வரை என் கத்தி படாத ஆண் நாய் கிடையாது. என் சைக்கிள் மணி கேட்டால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நாய்கூட வாலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தப்பிய ஒன்றிரண்டும் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. வேலை முடிந்ததும் இடது காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டுவேன். அதுதான் என் முத்திரை.

சனங்கள் சும்மா சம்மதித்துவிடவில்லை. ஆகவே ஒன்று சொன்னேன். விதை எடுத்த நாய்க்கு வெறி பிடிக்காது என்றேன். இதில் முக்கால் பங்கு உண்மை. விதை எடுத்த நாய் பெட்டையைத் தேடி அலையாது, ஊர் நாய்களோடு சண்டைக்குப் போகாது, கடி வாங்காது. மிச்சம் கால் பங்கை நான் போட்டேன். காய்ச்சின பாலில் எந்த டாக்டரும் அந்த அளவுக்குத் தண்ணீர் கலக்கத்தான் செய்வார். அடுத்த வாரமே என் மாட்டு ஆஸ்பத்திரி வாசலில் நாய்கள் வரிசையில் நின்றன. வரிசையில் நிற்பதில் மனிதர்களைவிட அவை ஒழுங்கு.

என் உத்தியோகம் அப்போது தற்காலிகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றில் அதை நிரந்தரமாக்குவதா, எடுத்துவிடுவதா என்று ஜில்லா போர்டு கூட்டத்தில் பேச இருந்தார்கள். போர்டில் கோபாலசுப்பிரமணியன் என்று ஒரு வக்கீல். அவர் என்னைத் தெருவில் வைத்தே கேட்டார்.

"ஓய் தேவசிகாமணி, நாய்க்கு விதை எடுக்க ஒரு உத்தியோகம், அதுக்கு ஒரு சம்பளம். நாளைக்குக் காக்காய்க்கு மூக்குச் சிந்திவிட ஒருத்தனைப் போடச் சொல்லுவீர் போலிருக்கே."

"என் கைபட்ட நாய் ஒண்ணுக்காவது வெறி வந்தா நானே போயிருதேன் சார்" என்றேன்.

"சரி, அந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கறேன்" என்றார்.

உத்தியோகம் போனால் எனக்குச் சாத்தான்குளத்தில் மாமனாரின் கருப்பட்டிக் கடைதான் கதி. கடையைவிட மாமியார் பெரிய கஷ்டம். "மதராஸ் வரைக்கும் போயி நாய்க்குக் கீழ கை வைக்கப் படிச்சிட்டு வந்திருக்காரு மருமவன்" என்று கோயிலில் பாட்டுக்கும் செபத்துக்கும் நடுவே சொல்லுகிற பெண்மணி. அந்தக் கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவில், ஈக்களோடு, அந்தக் குரலோடு நான் கிழவனாவதை நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் எலியேசர் உபதேசியாரின் நாய், சிப்பாய், அவர் மகள் கெசியாவைக் கடித்தது. செவலை நாய். நான்தான் விதை எடுத்திருந்தேன். கெசியா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி, வயது இருபதை ஒட்டி இருக்கும். சோறு வைக்கப் போனவளின் கையைக் கடித்துவிட்டு, நாய் ஆற்றுப் பக்கமாக ஓடிவிட்டது.

செய்தி கேட்டு நான் போவதற்குள் வாசலில் அகமது மீரானின் ஜட்கா நின்றது. உபதேசியார் படுக்கையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். குன்னூரில் நாய்க்கடிக்கு ஊசி போடுகிறார்கள், ரயிலுக்குப் போகிறோம் என்றார்.

"எதுக்கு அய்யா?" என்றேன். "சிப்பாய் நான் விதை எடுத்த நாய்லா?"

"தெரியும் தம்பி. ஆனாலும் பொம்பளப்பிள்ளை..."

"நாய் கெடைச்சிட்டு. ஆஸ்பத்திரியில கட்டிப் போட்டிருக்கேன். நல்லாத் திங்குது. வெறி நாயா இருந்தா பத்து நாள் தாங்காது. பத்து நாள் பாருங்க. நாய் இருந்தா பிள்ளைக்கு ஒண்ணுமில்ல."

அகமது மீரான் வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "டாக்டரய்யா, கடிச்சது நாய். ஊசி போட்டுக்கிட்டா யாருக்கு நட்டம்? நான் காசுகூட கேக்கல, வண்டிய ஓட்டுதேன்."

எனக்குத்தான் நட்டம். அதை அவரிடம் சொல்ல முடியாது. கெசியா குன்னூருக்குப் போய்விட்டால், நான் விதை எடுத்த நாய் கடித்ததற்கு ஊசி போட்டுக்கொண்டாள் என்று அன்றே ஊர் பேசும், வக்கீல் காதுக்கும் போகும். "மீரான், குதிரைக்கு வயித்துவலின்னா யாருட்ட வாரீரு?" என்று மட்டும் கேட்டேன். அவர் கடிவாளத்தைக் கீழே போட்டார். படுக்கையை நானே இறக்கி வைத்தேன்.

பிற்பாடு உபதேசியாரையும் கெசியாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தூரத்திலிருந்து நாயைக் காட்டினேன். செவலை நாய், இடது காதில் என் வெட்டு. உபதேசியாருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. அவர் கும்பிட்டு, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். கெசியாதான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அண்ணே, இது சிப்பாய் இல்ல போலிருக்கு. என்னக் கண்டா வால ஆட்டுமே."

"ஆஸ்பத்திரிக்கு வந்த நாய் யாருக்கும் வால ஆட்டாதும்மா. காதப் பாரு."

அவள் காதைப் பார்த்தாள். படித்த பிள்ளை, அடையாளத்தை மதிக்கத் தெரிந்த பிள்ளை. "அப்ப சரி அண்ணே" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. அது சிப்பாய் இல்லை. கெசியாவைக் கடித்த அன்று காலையிலேயே, ஜட்கா வாசலுக்கு வருமுன்பே, சிப்பாயை ஆற்றங்கரை நாணல் புதரில் நான் கண்டுபிடித்துவிட்டேன். கீழ்த்தாடை தொங்கத் தொடங்கியிருந்தது. எச்சில் நூலாக ஒழுகியது. நீட்டிய கம்பைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். தொழில் தெரிந்தவனுக்கு இன்னொரு அடையாளம் வேண்டாம். தலையில் ஒரே அடி, துடிக்கவிடவில்லை. மணலில் ஆழமாகப் புதைத்து மேலே சுண்ணாம்பு போட்டேன். நோய் பரவக்கூடாது என்பதில் நான் எப்போதும் கவனம். வருகிற வழியில் சந்தைத் திடலில் கிடந்த ஒரு செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் முத்திரை போட்ட செவலை நாய் இந்த ஊரில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். அதற்கு நானா பொறுப்பு? வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பத்து நாள் கழிந்தது. நாய் கொழுத்திருந்தது. உபதேசியார் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் நடத்தி எல்லாருக்கும் பானகம் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்ததும் அவர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நேரே வக்கீல் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாராம். "இந்த நாய்தான் எம்மகளைக் கடிச்சுது. ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்காக" என்றாராம். வக்கீல் சிரித்துவிட்டாராம். போர்டில் என் உத்தியோகம் நிரந்தரமானது.

நிரந்தரமான பிறகும் நேரம் இருந்தது. இதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்க வேண்டாம். கெசியா அப்போது நன்றாகத்தான் இருந்தாள், பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் ரயிலேறிக் குன்னூருக்குப் போயிருப்பாள். பெரும்பாலும் பிழைத்திருப்பாள். சொல்ல நினைத்துக் கிளம்பவும் செய்தேன். அன்றைக்கென்று மாமியார் சாத்தான்குளத்திலிருந்து வந்து, கலியாணமான நாளிலிருந்து முதல் தடவையாக எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். "டாக்டர் மருமவனே, இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கிடுங்க" என்றாள். சாரம்மாள், என் மனைவி, அம்மாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்று சிரித்தாள். எழுந்து போக மனம் வரவில்லை. பிறகு போய் என்ன சொல்வது? ஸ்தோத்திரக் கூட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்றா?

அடுத்த மாதம் கெசியாவுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. விசிறிக் காற்றுப் பட்டால்கூடத் தொண்டை இழுத்துக்கொண்டது. பார்க்க வந்த வெள்ளைக்கார டாக்டர் முதலில் நாய்க்கடி என்றுதான் சொன்னார். முற்றத்தில் படுத்திருந்த நாயை நான் காட்டினேன். கடித்த நாய் உயிரோடு இருக்கும்போது வெறி எப்படி வரும் என்று மரியாதையாகக் கேட்டேன். அவர் நாயைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ஜன்னி என்று சொல்லிவிட்டுப் போனார். கெசியா மட்டும் நாயைப் பார்க்கவில்லை. உயிர் போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரியில் நாய் வேலை நின்றிருக்கும். பழையபடி தடி வந்திருக்கும், கடி பெருகியிருக்கும். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் செத்திருப்பார்கள் என்று அந்தச் சின்ன டாக்டரால் சொல்ல முடியுமா? நான் தடுத்த சாவுகளை நான் எங்கும் சொல்லிக் காட்டியதில்லை. தடுத்த சாவு யார் கண்ணுக்கும் தெரியாது, அதுதான் இந்தத் தொழிலின் கஷ்டம். ஆகவே விதை எடுத்த நாய்க்கு வெறி பிடிக்குமா என்றால், பிடிக்கும். சிப்பாய்க்குப் பிடித்தது. அதை மறைத்தேன், அதனால் கெசியா செத்தாள். யாரிடம் வேண்டுமானாலும் இப்படியே சொல்லுங்கள், என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் என்னைக் கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உபதேசியார் அந்த நாயோடு எத்தனையோ வருஷம் இருந்தார். "எம்பிள்ளை கையால சோறு தின்ன நாய்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அது மூப்பில் விழுந்தபோது என்னைத்தான் கூப்பிட்டனுப்பினார். ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், சல்லிக்காசு வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். மகளை இழந்த அந்த மனுஷனுக்கு, மகள் ஆசையாக வளர்த்த நாயையாவது மிச்சம் வைத்துக் கொடுத்தவன் நான்.