தானாக நிற்கும் கார்

புதுக் காரில் ஏறும்போதெல்லாம் எனக்குத் தலை இடிக்கிறது, ஐயா. பழையதில் அப்படி இல்லை. பெயர் அதே பெயர்தான், அதே சின்னக் கார்தான். இளம் ஆட்களுக்கென்று கூரையைத் தாழ்த்தி, கதவுப்பிடியை உள்ளே ஒளித்து, திறப்புச் சாவியையும் கைப்பிரேக்கையும் எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். பழையதை நான் சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் ஆட்களை ஏற்றி ஹயருக்கு ஓட்டினேன். மருமகன் டிலக்ஷன் அதை விற்றுவிட்டு இதை எடுத்தான். எனக்கு ஓட்டத் தரவில்லை. துடைக்கத் தந்தான்.

"முன்கண்ணாடி உச்சியிலை இருக்கிற கமராக் கண்ணை நெடுகத் துடையுங்கோ மாமா. காகம் எச்சம் போட்டு மறைச்சாலும் கார் தானா நிக்காது."

அவனுக்கு ஒரு விளையாட்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை மதிலோடு நிறுத்திவிட்டுக் காரை என் மேல் விடுவான். பிரேக்கில் கால் வைக்கமாட்டான். ஒரு சாண் இருக்கும்போது அது குலுங்கி நிற்கும். வந்தவர்கள் கைதட்டுவார்கள். கார் நின்றதற்கு, நான் நின்றதற்கு இல்லை. ஒருமுறை கண்ணை மூடிவிட்டேன். அதைப் போனில் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினான்.

"மாமா பழைய மொடல். இனித் திருத்தேலாது," என்றான். என் மகள் உதயகலாவும் சிரித்தாள்.

பிரேக்கை மனிதன்தான் மிதிக்க வேண்டும். எத்தனை தரம் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பேச்சை யார் கேட்பது?

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் காருக்குப் பூசை. ஐயர் முன்மூடிப் பொனற்றில்தான் சந்தனம் வைத்தார். அவரை விசாரிக்க வேண்டாம். இலையில் மிஞ்சியதை வழித்துக் கண்ணாடி உச்சியில் அப்பியது நான். அந்தக் கண்ணை மறைத்துத்தான் அப்பினேன். பூசைச் சந்தனத்தை யாரும் துடைக்கமாட்டார்கள். திரும்பி வரும்போது உள்ளே மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.

"அது உப்பிடித்தான் எரியும். பிறகு நூரும்," என்றான் டிலக்ஷன்.

வீட்டில் நமசிவாயம் கார் பார்க்க வந்திருந்தான். அடுத்த வளவுக்காரன், சின்ன வயதிலிருந்து சிநேகிதன். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டிலக்ஷன் வழக்கம்போல் என்னை மதிலடிக்குப் போகச் சொன்னான். முழங்கால் நோகிறது என்றேன்.

"உவனுக்குப் பயம், தம்பி. நான் நிக்கிறன், நீ விடு." நமசிவாயம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றான். என்னைப் பார்த்து, "டேய், ஆம்பிளை எப்பிடி நிக்கிறது எண்டு பார்," என்றான்.

பார்த்தேன். ஒரு சாண் வந்தது. கார் நிற்கவில்லை. அப்போதும் டிலக்ஷன் காலை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நமசிவாயம் முடிந்துவிட்டான்.

சந்தனம் தற்செயலாகப் பட்டிருக்கும் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதை வெட்டிவிடுங்கள்.

கத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஓம், நேரம் இருந்தது. கத்தியிருந்தால் நமசிவாயம் விலகியிருப்பான். டிலக்ஷன் இன்றைக்கும் அந்தக் காரை நம்பிக்கொண்டிருப்பான்.